படத்தைச் சொல்லாக்கிய பெண்கள்

கைவிளக்கேந்திய காரிகை என்றுதான் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலை நாம் அறிந்திருக்கிறோம். அவர் கையில் இன்னொரு கருவியும் இருந்தது: புள்ளிவிவரம். கிரிமியப் போரிலிருந்து 1856இல் இங்கிலாந்து திரும்பிய அவர், படைவீரர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை மாதவாரியாகக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கை 1858இல் ஒரு படமாக அச்சிட்டார். ஒரு மையத்திலிருந்து விரியும் பன்னிரண்டு ஆப்புகள், மாதத்துக்கு ஒன்று. நீலம் தடுத்திருக்கக்கூடிய நோய்களைக் குறித்தது, சிவப்பு போர்க்காயங்களை, கறுப்பு மற்ற காரணங்களை. 1855 ஜனவரியில் மட்டும் நோயால் இறந்தவர்கள் 2,761 பேர். காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். பிற காரணங்களால் 324 பேர். எதிரியின் குண்டைவிட நம் மருத்துவமனைச் சாக்கடைதான் அதிகம் கொன்றது என்று ஒரு பெண் அமைச்சர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் படமாகக் காட்டினார். சொற்களுக்கு மூடிக்கொண்ட காதுகள் வழியாகப் போகாததைக் கண்கள் வழியாகக் கொண்டுபோவது அவருடைய நோக்கம். அதே காலத்தில் பிரிட்டனின் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இந்தக் கதையைப் பெண்ணிய வரலாற்றில் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதன் பின்பாதி அவ்வளவாக எழுதப்படவில்லை. நைட்டிங்கேல் 1910இல் இறந்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவருக்குப் பார்வை முற்றிலும் போய்விட்டது. கண்களை நம்பி அவர் வரைந்த படத்தை அவராலேயே பார்க்க முடியாத காலம் அது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, "இடப்பக்கம் சிறிய வட்டம், வலப்பக்கம் பெரிய வட்டம், ஜனவரியில் நீலம் எல்லையைத் தாண்டிப் போகிறது" என்று சொன்னால்தான் உண்டு.

அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவர்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. இன்று இணையத்தில் வரும் சிக்கலான படங்களை, அதாவது தரவு வரைபடங்கள், நிலப்படங்கள், ஓட்டப்படங்கள் போன்றவற்றை, திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவருக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது பொறியியல் சிக்கலாகவே பேசப்படுகிறது. அதற்குப் பின்னால் நீண்டகாலப் பெண்ணுழைப்பு இருக்கிறது. பெரும்பகுதி கூலியில்லாதது, பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது.

வாசித்துக் காட்டியவர்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்காவில் போர்வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது. போரில் பார்வை இழந்தவர்களுக்கும் அந்த உரிமை இருந்தது. பாடப்புத்தகத்தை வாசிக்க வழி இருக்கவில்லை. 1948இல் நியூயார்க் பொது நூலகத்தின் பெண்கள் துணைக்குழுவைச் சேர்ந்த ஆன் மெக்டொனால்ட் இதற்காகப் பாடப்புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் பணியைத் தொடங்கினார். 'ரெக்கார்டிங் ஃபார் தி பிளைண்ட்' என்று அது பெயர் பெற்றது.

கதைப் புத்தகத்தைக் குரலில் பதிவது ஒரு வேலை. பொருளாதாரப் பாடநூலைப் பதிவது வேறு வேலை. பக்கம் பாதியில் ஒரு கோட்டு வரைபடம் குறுக்கே வரும். வாசிப்பவர் அங்கே நின்று முடிவெடுக்க வேண்டும். கிடை அச்சில் என்ன, நெடு அச்சில் என்ன, கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது? எதை முதலில் சொல்வது? எதை விடுவது? சம்பளப் பட்டியலில் இல்லாத தன்னார்வலர்கள் பதிவறைகளில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டார்கள். இணையம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சிக்கலான படத்தைச் சொல்லாக்கும் இலக்கணம் அங்கே உருவாகத் தொடங்கியிருந்தது.

அடுத்த அடி நாடக அரங்கில் விழுந்தது. மார்கரெட் ஃபான்ஸ்டீல் பார்வைக் குறைபாடு உடையவர். 1974இல் வாஷிங்டனில், செய்தித்தாள்களை வானொலி வழியாக வாசித்துக் காட்டும் சேவையைத் தொடங்கினார். 1981இல் அதே நகரின் அரீனா ஸ்டேஜ் அரங்கில், நாடகம் நடக்கும்போதே மேடையில் நிகழ்வதைக் காதொலிக் கருவி வழியாக விவரிக்கும் முறையை வடிவமைத்தார். பார்ப்பதைச் சொல், உன் தீர்ப்பைச் சொல்லாதே என்பது இந்த மரபின் அடிப்படை விதி. "அவள் கோபமாக இருக்கிறாள்" என்பதைவிட "அவள் கையை முறுக்கிக்கொள்கிறாள்" என்பது மேல். கோபமா, பயமா என்பதைக் கேட்பவர் முடிவு செய்துகொள்வார். நாற்பது ஆண்டுகள் கழித்துத் தரவு வரைபடங்களைப் பற்றி நடந்த ஆய்வு ஒன்று இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வலையில் படம் நுழைந்தபோது

தொடக்கத்தில் வைய விரிவலை எழுத்தால் ஆனது. திரைவாசிப்பானுக்கு எழுத்து போதும். வரியை எடுத்துக் குரலாக்கிவிடும். 1993இல் பக்கத்துக்குள்ளேயே படத்தை வைக்கும் வழி வந்தது. எல்லோரும் கொண்டாடிய அந்த மாற்றம் பார்வையற்றவர்களுக்குப் பின்னடைவாக இருந்தது. பட்டன்கள் படமாயின, தலைப்புகள் படமாயின, செய்தியே படமாயிற்று. திரைவாசிப்பான் அந்த இடத்துக்கு வந்ததும் "படம்" என்று சொல்லும். சில நேரம் கோப்பின் பெயரை எழுத்துக்கூட்டும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. இதற்கு மருந்தாக 'ஆல்ட்' என்ற பண்பு எச்டிஎம்எல் மொழியில் சேர்ந்தது. நாம் மாற்றுரை என்று சொல்கிறோமே, அதுதான். 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4 அதைக் கட்டாயமாக்கியது.

அதே 1997இல் ஜப்பானில் சியேகோ அசகாவா தன் 'ஹோம் பேஜ் ரீடர்' மென்பொருளை வெளியிட்டார். ஒசாகாவைச் சேர்ந்த அசகாவாவுக்கு 11 வயதில் நீச்சல்குளத்தில் கண்ணில் அடிபட்டது. 14 வயதுக்குள் பார்வை முழுவதும் போனது. டோக்கியோவில் ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்து, முதலில் பிரெய்ல் நூல்களைக் கணினியாக்கும் பணியைச் செய்தார். பிறகு வலையைப் பேச வைத்தார். அவருடைய மென்பொருளில் எண் விசைகளைக் கொண்டே பக்கங்களில் நகரலாம். சாதாரண எழுத்தை ஆண் குரல் வாசிக்கும். இணைப்பு வந்தால் பெண் குரல் வாசிக்கும். கண்ணுள்ளவர்களுக்கு நீலநிற அடிக்கோடு செய்யும் வேலையைக் காதுக்குக் குரல்மாற்றம் செய்தது. எந்தச் சொல்லை அழுத்தினால் வேறு பக்கம் போகலாம் என்பது கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிடும்.

2004இல் அவருடைய குழு உருவாக்கிய 'ஏடிசைனர்' இதைத் தலைகீழாக்கியது. ஒரு பக்கத்தின் எந்தப் பகுதியை அடையத் திரைவாசிப்பான் பயனருக்கு அதிக நேரம் ஆகிறதோ அந்தப் பகுதியை அது இருட்டாக்கிக் காட்டும். பளபளவென்று பக்கம் வடிவமைத்தவர் முதன்முறையாகத் தன் பக்கத்தின் இருளைப் பார்த்தார். நைட்டிங்கேல் செய்ததும் இதுதானே? கேட்காத காதுக்காரர்களுக்குக் கண் வழியாகக் காட்டுவது. இந்த முறை பார்வையற்ற பெண் ஒருவர் பார்வையுள்ள வடிவமைப்பாளர்களுக்குப் படம் வரைந்து காட்டினார். ஐபிஎம்மின் உயரிய தகுதியான 'ஃபெல்லோ' நிலை அவருக்கு 2009இல் கிடைத்தது. 2021இல் டோக்கியோவின் மிராய்க்கான் அறிவியல் அருங்காட்சியகத்தின் இயக்குநரானார்.

ஒரு சிறு பண்புக்காகப் பல ஆண்டுகள்

மாற்றுரை ஓரிரு வாக்கியங்களுக்கானது. "சிரிக்கும் குழந்தை" என்று சொல்ல அது போதும். நைட்டிங்கேலின் படத்துக்குப் போதுமா? இருபத்துநான்கு மாதங்கள், மூன்று காரணங்கள், எழுபதுக்கும் மேற்பட்ட எண்கள். இதற்காகவே எச்டிஎம்எல் 4இல் 'லாங்டெஸ்க்' என்ற இன்னொரு பண்பும் வந்தது. படத்தின் விரிவான விளக்கம் இருக்கும் பக்கத்தின் முகவரியை அதில் கொடுக்கலாம். வேண்டியவர் திறந்து வாசிப்பார், வேண்டாதவர் கடந்து போவார். 1999 மே மாதம் வெளியான முதல் இணைய அணுகல் நெறிகளின் முதல் விதியே, எழுத்தல்லாத ஒவ்வொன்றுக்கும் எழுத்துவடிவ இணை வேண்டும் என்பதுதான். அந்த ஆவணத்தைத் தொகுத்த மூவரில் ஒருவர் வெண்டி சிஷோம். அந்த முயற்சியை நடத்திய அலுவலகத்துக்கு 1997 முதல் தலைமை தாங்கியவர் ஜூடி புரூவர்.

விதி வந்தது, நடைமுறை வரவில்லை. பெரும்பாலான உலாவிகள் லாங்டெஸ்க்கைப் பயனருக்குக் காட்டவே இல்லை. காட்டாததால் யாரும் எழுதவில்லை. எழுதியவர்களிலும் பலர் தவறாக எழுதினார்கள். சிலர் காலியாக விட்டார்கள், சிலர் அதே படத்தின் முகவரியைப் போட்டார்கள். எச்டிஎம்எல் 5 உருவானபோது, யாரும் சரியாகப் பயன்படுத்தாத ஒன்று எதற்கு என்று கேட்டு அதை நீக்கினார்கள்.

இந்த வாதம் நமக்குப் புதிதில்லை. பெண்களுக்குக் கழிப்பறை கட்டாத அலுவலகம், இங்கே பெண்கள் வேலைக்கு வருவதில்லையே என்று சொல்வது போன்றது. வசதியைச் சரியாகச் செய்யாமல் விட்டுவிட்டு, பயன்பாடு குறைவு என்பதையே மறுப்புக்குக் காரணமாகக் காட்டுவது.

இதை எதிர்த்து நின்றவர்களில் முன்னால் நின்றவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில் பணியாற்றிய லாரா கார்ல்சன். லாங்டெஸ்க் எங்கெல்லாம் ஒழுங்காகப் பயன்படுகிறது, யாருக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்று எடுத்துக்காட்டுகளைத் திரட்டினார். மாற்று முன்மொழிவு எழுதினார். நிராகரித்தபோது மீண்டும் எழுதினார். அவர் சுட்டிய நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. லாங்டெஸ்க்குக்குப் பதிலாகச் சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று, விளக்கம் முழுவதையும் ஒரே சரமாகத் திரைவாசிப்பானிடம் கொடுத்துவிடும். அட்டவணை இருந்தால் அது நொறுங்கி எண்களின் ஊர்வலமாகிவிடும். 2,761 எந்த மாதத்தின் எண் என்று பின்னால் போய்ப் பார்க்க வழியில்லை. இறுதியில் 2015 பிப்ரவரியில் லாங்டெஸ்க் தனியொரு தரமாக அங்கீகாரம் பெற்றது. இன்றைய எச்டிஎம்எல் தரம் அதை வழக்கொழிந்ததாகவே பட்டியலிடுகிறது. பண்பு தோற்றுவிட்டது. அது எழுப்பிய கோரிக்கை தோற்கவில்லை. வரைபடத்தின் கீழேயே எல்லோருக்கும் தெரியும்படி விளக்கத்தையும் அட்டவணையையும் வைப்பது இன்று பரிந்துரைக்கப்படும் வழி. கண் தெரிந்தவர்களும் அதை வாசிக்கிறார்கள், மாணவிகள் அதிலிருந்து எண்களை எடுக்கிறார்கள்.

படத்துக்குள் நடப்பது

படம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். ஜேபிஜி படமோ, உலாவிக்குள் 'கேன்வாஸ்' மீது தீட்டப்படும் படமோ திரைவாசிப்பானுக்கு வெறும் சுவர். உள்ளே எத்தனை பட்டைகள் இருந்தாலும் அதற்கு அது ஒரே பொருள். எஸ்விஜி வேறு வகை. அதில் ஒவ்வொரு பட்டையும், கோடும், புள்ளியும் தனித்தனிப் பொருள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் விளக்கமும் எழுத இடமுண்டு. இந்தத் திறனை 2000ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதிய ஆவணத்தின் இரு ஆசிரியர்களில் ஒருவர் மர்யா-ரீட்டா கொய்வுனென். பார்வையற்ற பொறியாளரான லியோனி வாட்சன், எஸ்விஜி படங்களைத் திரைவாசிப்பானுக்கு ஏற்பச் செய்வது எப்படி என்று அடுத்தடுத்து எழுதினார். இந்த ஆவணங்களை நடைமுறைக் குறிப்புகளாக மாற்றியவர்களுள் அவர் முக்கியமானவர். 2018 அக்டோபரில் வரைபடங்களுக்கென்றே தனித் தரம் வந்தது. அதன் தொகுப்பாசிரியர்களில் ஒருவர் அமெலியா பெல்லமி-ராய்ட்ஸ். அந்தத் தரம் மூன்று பாத்திரங்களை வரையறுக்கிறது: முழு வரைபடம், அதற்குள் பகுதிகளைக் கொண்ட பொருள், பகுக்க முடியாத குறியீடு. இதைக் கொண்டு, பயனர் வரைபடத்துக்குள் நுழைந்து ஒரு மாதத்தைத் தேர்ந்து, அதற்குள் காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்கும்படி அமைக்க முடியும்.

சொல் மட்டுமே வழி என்பதும் இல்லை. புவர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா டியாஸ்-மெர்செட், இருபதுகளில் பார்வை இழந்தபின் விண்வெளித் தரவுகளை ஒலியாக்கிக் கேட்டு ஆய்வைத் தொடர்ந்தார். மதிப்பு உயர்ந்தால் சுருதி உயரும், தாழ்ந்தால் தாழும். வரைபடத்தின் உருவம் காதில் விழும். பார்வையுள்ள ஆய்வாளர்களும் கேட்டுப் பயனடையலாம் என்பது அவருடைய வாதம்.

எதைச் சொல்வது, யார் சொல்வது

2021இல் ஆலன் லண்ட்கார்டும் அர்விந்த் சத்யநாராயணும் வரைபட விளக்கங்களை நான்கு படிகளாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். முதற்படி, படத்தின் அமைப்பு: என்ன வகை, அச்சுகளில் என்ன. இரண்டாம் படி, புள்ளியியல் செய்திகள்: மிகக் கூடுதல், மிகக் குறைவு. மூன்றாம் படி, போக்குகள்: ஏறுவது, இறங்குவது, திடீர் மாற்றம். நான்காம் படி, சூழல் விளக்கம்: ஏன் இப்படி, இதன் பொருள் என்ன. 30 பார்வையற்ற வாசகர்களிடமும் 90 பார்வையுள்ளவர்களிடமும் எது பயனுள்ளது என்று கேட்டார்கள். பார்வையுள்ளவர்கள் நான்காம் படியை விரும்பினார்கள். பார்வையற்றவர்கள் அதையே கடைசியில் வைத்தார்கள். எண்ணைக் கொடுங்கள், போக்கைச் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்பதே அதன் பொருள். பிறர் நமக்காகப் பொருள் சொல்வதைப் பற்றிப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மனிதர்கள் இருக்கும் படத்தில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. பார்வையற்ற ஆய்வாளரான சிந்தியா பென்னட்டும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, படவிளக்கத்தில் இனம், பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றை யார் எப்படிச் சொல்வது என்று கேட்டது. தோற்றத்தை வைத்து ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ எழுதுவது அவரைத் தவறாக அடையாளப்படுத்தலாம். எதையும் சொல்லாமல் விட்டால், மற்றவர்களுக்குத் தெரியும் செய்தி பார்வையற்றவருக்கு மட்டும் மறுக்கப்படுகிறது.

தமிழில் எழுதும்போது இந்தக் கேள்வியிலிருந்து ஓடவே முடியாது. நம் வினைச்சொல் விடாது. "நிற்கிறான்", "நிற்கிறாள்", "நிற்கிறார்" என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆட்சியர் "நிற்கிறார்", பக்கத்தில் குப்பை அள்ளும் பெண் "நிற்கிறாள்" என்று எழுதிவிட்டால், படத்தில் இல்லாத ஓர் ஏற்றத்தாழ்வை விளக்கம் எழுதியவர் சேர்த்துவிட்டார். எல்லோருக்கும் "ஆர்" போடுவது எளிய தொடக்கம். அது மரியாதையையும் காக்கும், பாலினத்தை ஊகிக்கவும் வைக்காது. தேவைப்பட்டால் பாலினத்தைப் பெயர்ச்சொல்லாகத் தனியே சொல்லலாம்.

நம் சுவரொட்டிகள்

வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 54.5 விழுக்காட்டுப் பக்கங்களில் மாற்றுரை இல்லாத படங்கள் இருந்தன. தமிழ் வாசிப்பில் இதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் கண்ணுக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஸ்கேன் செய்த அரசாணை அதற்கு வெற்றுத்தாள்.

இந்தியாவில் சட்டம் மெல்ல நகர்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் அணுகலை உரிமையாக்கியது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் பிரக்யா பிரசூன், அமில வீச்சிலிருந்து மீண்டவர். வங்கிக் கணக்குத் தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. பெண்மீதான வன்முறையும் திரையின் வன்முறையும் ஒரே மனுவில் சந்தித்தன.

தீர்ப்புகள் அரசையும் வங்கிகளையும் கேட்கும். நம்மை யார் கேட்பது? மகளிர் தினக் கூட்ட அழைப்பு வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. குடும்ப வன்முறை பற்றிய சுவரொட்டியில் 181 என்ற உதவி எண் படத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. பெண்களின் கூலி வேறுபாட்டைக் காட்டும் வரைபடம் அழகான வண்ணத்தில் சுற்றுகிறது. அடி வாங்கிக்கொண்டிருக்கும் பார்வையற்ற பெண்ணின் கைபேசி இவை எல்லாவற்றுக்கும் "படம்" என்று மட்டுமே சொல்கிறது. அந்த மூன்று இலக்கங்களை எழுத்தாகவும் தட்டச்சிட்டிருந்தால் அவர் அழைத்திருக்க முடியும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் ஒரு வாக்கியம்: இது என்ன படம், முக்கியச் செய்தி என்ன. பிறகு பெரியதிலிருந்து சிறியதற்கு. எண்கள் இருந்தால் அட்டவணை. நைட்டிங்கேலின் படத்துக்கு இப்படி எழுதலாம்:

"1854 ஏப்ரல் முதல் 1856 மார்ச் வரை கிழக்குப் போர்முனையில் பிரிட்டிஷ் படையினர் இறந்த காரணங்களைக் காட்டும் இரண்டு வட்ட வரைபடங்கள். ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு ஒன்றாக 12 ஆப்புகள். ஆப்பின் பரப்பு இறப்பைக் குறிக்கும். வலப்பக்கத்தில் முதல் ஆண்டு, இடப்பக்கத்தில் அதைவிட மிகச் சிறியதாக இரண்டாம் ஆண்டு. நோயைக் குறிக்கும் நீலமே பெரும்பகுதி. உச்சம் 1855 ஜனவரி: 32,393 பேர் கொண்ட படையில் நோயால் 2,761, காயத்தால் 83, பிற காரணங்களால் 324 பேர் இறந்தனர். எல்லா மாதங்களின் எண்களும் கீழே அட்டவணையில்."

சில நிமிட வேலை. கூட்ட அறிவிப்பு எழுதும் தோழியின் பொறுப்பில் இதையும் சேர்த்து, அவர் பெயரையும் வடிவமைத்தவர் பெயரோடு போடத் தொடங்கலாம். விவரிப்பவரின் பெயர் எங்கும் எழுதப்படாமலே போனதுதான் இந்த வரலாற்றில் நீண்டகாலம் நடந்தது.